சூடு பிடிக்கும் சுவர்

என் அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் பிளாஸ்க் என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தது நான். முதலில் நானும் அக்காவும் மட்டும் சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு எங்களுக்குக் களிமண் கொண்டுவரும் வேன் டிரைவர் காதில் விழுந்தது. அவர் காதில் விழுந்தால் மைக்கில் விழுந்த மாதிரி. இப்போது காஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூட வாசலில் நின்று, "பிளாஸ்க் சார் இருக்காரா?" என்று கேட்கிறார். மாமாவுக்கு இதில் கோபமே கிடையாது. ஒருநாள் அவரே எனக்கு விளக்கம் சொன்னார். "சூட்ட வெளிய விடாம வெச்சிருக்கறவன்னு மரியாதையா சொல்றாங்கம்மா."

பட்டப்பெயர் வைத்தால் பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும் மனிதரை என்ன செய்ய முடியும்? நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை எங்களுடையது. அக்கா சக்கரத்தில் உட்கார்ந்து கப், கிண்ணம், தட்டு எல்லாம் செய்வாள். அவை காய்ந்து, ஒரு முறை லேசாகச் சுட்டு வந்ததும் நான் கிளேஸ் பூசுவேன். கிளேஸ் என்பது சூளைக்குள் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும் பூச்சு. பூசும்போது என்னவோ சுண்ணாம்புத் தண்ணீர் போலத்தான் இருக்கும். மாமா காஸ் சூளையைப் பார்த்துக்கொள்வார். மண் அக்காவுடையது, நிறம் என்னுடையது, நெருப்பு மாமாவுடையது. பேச்சு மொத்தமும் நெருப்பு இலாகாவில்தான் இருந்தது.

சூளை என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரும்புச் சட்டத்துக்குள் செங்கல் அடுக்கிய ஒரு பெட்டி. ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம். அடியில் இரண்டு பக்கமும் பர்னர்கள், வெளியே வரிசையாக நிற்கும் சிலிண்டர்களிலிருந்து அவற்றுக்குக் குழாய். பின்னால் புகைபோக்கி, அதன் கழுத்தில் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் ஒரு இரும்புத் தகடு. கதவில் எட்டிப் பார்க்க ஒரு துளை, அதை அடைக்க ஒரு மண் தக்கை. துளைக்கு நேரே உள்ளே சின்னச் சின்னக் கூம்புகளை வரிசையாக நட்டு வைப்போம். போதுமான சூடு ஏறியதும் கூம்பின் நுனி தலைகுனியும். அதைப் பார்த்து காஸை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் தொழில். இதை வைத்துக்கொண்டு மாமா ஒரு மதமே நடத்தினார்.

அந்த மதத்துக்கு ஒரே ஒரு மந்திரம். "சூடு பிடிக்கணும்."

எதைப் பார்த்தாலும் அதுதான். யாராவது வீட்டுக் கதவைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தால், "கதவு! கதவு!" என்று உள்ளேயிருந்து கத்துவார். டீ ஆறிப்போனால் கப்பைத் திட்டுவார். குளியலறையில் வெந்நீர் வாளிக்கு மூடி உண்டு. குளிக்கும்போதும் ஒவ்வொரு மக் தண்ணீருக்கு நடுவிலும் மூட வேண்டும். சமையலறை ஜன்னலை ஒட்டு நாடா போட்டு அடைத்துவிட்டார். அடுப்பு எரியும் இடத்தில் காற்று வந்தால் விரயமாம். நாங்கள் தாளித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் நின்று இருமுவோம். "இருமல் வந்தா நல்லது, உடம்பு சூடாகும்" என்று அதற்கும் கணக்கு வைத்திருந்தார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு இரும்புச் சட்டி. பழைய இரும்புக் கடையிலிருந்து அவர் தோளில் சுமந்துகொண்டு வந்தது. அதை அடுப்பில் ஏற்ற நானும் அக்காவும் ஆளுக்கொரு காதைப் பிடிக்க வேண்டும். அதில் பாலை வைத்தால், பால் காய்வதற்குள் நான் ஒரு தட்டு அடுக்குக்குக் கிளேஸ் பூசிவிட்டு வருவேன். ஆனால் அடுப்பை அணைத்த பிறகு சட்டி ஆறவே ஆறாது. மாமா அதன்மேல் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். "பாத்தியா? அணைச்சு எவ்வளவு நேரமாச்சு! இன்னும் கை வைக்க முடியல. இதுதான் சூடு பிடிக்கறதுங்கறது."

"டீ குடிச்சு முடிச்சாச்சு. இனிமே சட்டி சூடா இருந்து என்ன பண்ணப் போறோம்?" என்பாள் அக்கா.

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

புரியாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

சட்டி விஷயத்தையே சூளையிலும் செய்தார். நினைத்தபோதெல்லாம் எங்கேயாவது இடிக்கிற உலையிலிருந்து சூடு தாங்கும் கனமான பழைய செங்கற்களை வாங்கிவந்து, சூளையின் உட்சுவரோடு இன்னொரு வரிசை கட்டுவார். கல்லைக் கையில் வாங்கினால் தோள்பட்டை இறங்கும், அவ்வளவு கனம். வெளியிலிருந்து பார்த்தால் சூளை அதே அளவுதான். உள்ளே மட்டும் சதை போட்டுக்கொண்டே போனது. முன்பு கையை விரித்து அடுக்கிய இடத்தில் இப்போது உடம்பைக் குறுக்கி அடுக்க வேண்டியிருந்தது. பலகைகளை வெட்டிச் சின்னதாக்கினோம். ஒவ்வொரு கல்வரிசை ஏறும்போதும் உள்ளே போகும் கப்புகள் குறைந்தன.

இத்தனைக்கும் பலன்? ஒருநாள் எரித்தால், மறுநாளும் சூளைச் சுவர் கொதிக்கும், அதற்கு அடுத்த நாளும் வெதுவெதுவென்று இருக்கும். மாமாவுக்கு அந்தச் சுவர்தான் சொத்து. காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, முதுகைச் சாய்த்து, பேப்பரை விரிப்பார். கேட்டால் "செக் பண்றேன்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு செக் பண்ணுகிற ஒரே ஆள் அவர்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், காது குத்தாத குழந்தையோடு வந்த தூரத்துச் சொந்தம், எல்லாரும் தொட்டிருக்கிறார்கள். "ரெண்டு நாள் ஆச்சு!" என்பார். அவர்களும் விரலை உதறிக்கொண்டு, "அடேங்கப்பா" என்பார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

எட்டிப் பார்க்கும் துளையைத் திறக்க மட்டும் விடவே மாட்டார். "பாக்கறேன் பாக்கறேன்னு தக்கையை எடுத்தா, பாக்கற நேரத்துல சூடு ஓடிடும்." கடைசி நேரத்தில் ஒரே ஒரு தடவை, பல்லியை விரட்டுகிற வேகத்தில் தக்கையை எடுத்து மூடுவார். அந்த வேகத்தில் கூம்பைப் பார்த்தாரா, கூம்பு அவரைப் பார்த்ததா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். பார்க்காமலே சூளை போடுவதுதான் கைத்திறன் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஒருமுறை சூளைச் சாமான் விற்கும் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஏஜெண்ட் ஒருவர் வந்தார். வெள்ளை வெளேரென்று பஞ்சுக் கம்பளி மாதிரி ஒரு சுருள் கொண்டுவந்திருந்தார். சூளைக்கு உள்பக்கம் ஒட்டுகிற கம்பளியாம். எவ்வளவு சூட்டிலும் எரியாதாம். மாமா வழக்கம்போல அவரையும் சுவரைத் தொட வைத்தார். ஏஜெண்ட் தொட்டார், விரலை ஊதிக்கொண்டார், கேட்டார்: "எப்ப சார் எரிச்சீங்க?"

"முந்தாநாள்!" என்றார் மாமா, மார்பை நிமிர்த்தி.

"அப்போ நிறைய காஸ் போயிருக்குமே சார். இந்தக் கல்லு மொத்தமும் சூடான பிறகுதான் உள்ள இருக்கற சாமானுக்குச் சூடு போகும். இப்ப உங்க சுவர்ல இருக்கறது பூராவும் நீங்க வாங்கின காஸ்தான். இந்தக் கம்பளி கனமே இல்ல, தானும் குடிக்காது, வெளியவும் விடாது."

அவர் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. எனக்கே புரிந்தது. மாமா அந்தச் சுருளை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "கனமே இல்லன்னு நீங்களே சொல்றீங்க. கனம் இல்லாதது எத சார் பிடிக்கும்? தலகாணிக்கு வேணும்னா சொல்லுங்க." ஏஜெண்ட் போன பிறகும் அன்று முழுக்க, "தலகாணி கொண்டுவந்துட்டான்" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். மாதிரிக்காக அவர் விட்டுப்போன துண்டை அக்கா எடுத்துப் பழைய துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ஏஜெண்டின் அட்டையை அதற்குள்ளேயே செருகினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கை பழகாத வடிவம் இல்லை. ஆனால் அவள் செய்ததெல்லாம் அடுத்தவர்கள் போனில் காட்டிய படங்கள். "இதே மாதிரி வேணும், கொஞ்சம் குட்டையா" என்பார்கள், செய்து கொடுப்பாள். தனக்கென்று செய்த கப் ஒன்றே ஒன்றுதான், அதில்தான் அவள் டீ குடிப்பாள். குட்டையாக, கொஞ்சம் வயிறு வைத்து, நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். கைப்பிடி சேரும் இடத்துக்கு மேலே ஒரு சின்னப் பள்ளம். பிடிக்கும்போது கட்டை விரல் தானாகவே போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். விரலுக்கு அங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், வேறு கப்பைப் பிடிக்கப் பிடிக்காது.

காபிக் கடை ஒன்று திறக்கப்போகிற ஒரு அம்மா தட்டு பார்க்க வந்தார். வேகமாக நடந்து வேகமாகப் பேசுகிறவர். அக்கா தட்டுகளை எடுக்க உள்ளே போனபோது, ஜன்னல் மேடையில் இருந்த அக்காவின் கப்பைக் கையில் எடுத்தார். கட்டை விரல் பள்ளத்தில் இறங்கியது. விரலை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது யார் டிசைன்?"

"எச்சில் கப் மேடம், கீழ வைங்க" என்றேன் நான்.

"டிசைன் யாருதுன்னு கேட்டேன்."

"எங்க அக்காவுது."

"எனக்கு இதுதான் வேணும். எல்லா டேபிளுக்கும்." தட்டை அவர் பார்க்கவே இல்லை. கடை வெள்ளிக்கிழமை திறக்கிறார், அதற்கு முந்தின நாள் மத்தியானம் வேனோடு வருவார், சரியாக வந்துவிட்டால் அடுத்து திறக்கப்போகிற கடைக்கும் இதேதான். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அன்று சக்கரத்தில் உட்காரும்போது என்னிடம் சொன்னாள்: "இது மட்டும் நல்லபடியா போயிட்டா, இனிமே ஒருத்தர் போனையும் பாத்து நான் காப்பி அடிக்க மாட்டேன்டி." அவள் இப்படி எதையும் விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணப் புடவைக்குக்கூட "எதுன்னாலும் சரி" என்றவள்.

அந்தக் கப்புகளை அவள் செய்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு கப்பிலும் அந்தப் பள்ளத்தைத் தன் கட்டை விரலாலேயே அழுத்தினாள். கருவி எதையும் தொடவில்லை. மண் ஈரம் சரியாக இல்லாவிட்டால் அழுத்தின விரலை எடுத்து, கப்பையே பிசைந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு கிளேஸ் பூசினேன். நான் வாயை மூடுவது சூளை ஆறுவதைவிட அபூர்வம்.

மாமா என்ன செய்தார்? ஆர்டரைக் கௌரவிக்க முடிவு செய்தார். நாங்கள் இருவரும் கிளேஸ் பவுடர் வாங்க வெளியே போன நேரத்தில், சூளைக்குள் இன்னொரு வரிசை கல் கட்டி வைத்துவிட்டார். திரும்பி வந்தபோது கையில் சாந்துக் கரண்டியோடு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"உனக்காகத்தான்" என்றார் அக்காவிடம். "இந்தத் தடவை சூடு எப்படிப் பிடிக்குது பாரு."

அக்கா சூளைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "கப்பு எங்கங்க வெக்கறது?"

"நெருக்கி வை. நெருங்கி இருந்தா ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்துக்கும்."

இடிக்க நேரம் இல்லை. நெருக்கித்தான் வைத்தோம். கப்புக்கும் கப்புக்கும் நடுவில் விரல் நுழையாது. கதவோரம்வரை அடுக்கினோம். கடைசியில் கதவை மூடும்போது அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், அவளே உள்ளே இருப்பது போல.

காலையில் பர்னரைப் பற்ற வைத்தார் மாமா. மத்தியானத்துக்குள் சிவக்க வேண்டிய சூளை, மத்தியானம் தாண்டியும் மந்தமாகவே இருந்தது. சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. "இன்னிக்கு காஸ் சரியில்ல" என்றார். வேறு சிலிண்டர் வந்தது. "இதுவும் சரியில்ல" என்றார். அவர் கட்டின கல்லைத் தவிர உலகத்தில் எதுவும் அன்று சரியாக இல்லை. பிறகு, சூடு புகைபோக்கி வழியாகத் தப்பித்துப் போகிறது என்று கண்டுபிடித்து, தகட்டை உள்ளே தள்ளி அடைத்தார். உடனே கரும்புகை கிளம்பியது. காற்று போதாமல் எரியாத காஸ்தான் அது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டிருந்தார். அவர் மதில் மேல் தலையை நீட்டிப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையோடும் எனக்கு உடன்பாடு உண்டு.

"புகையா போறதும் நம்ம காஸ்தானே?" என்றாள் அக்கா.

"அது கெட்ட சூடு. போகட்டும்."

"ஒரு தடவை துளையைத் திறந்து கூம்பைப் பாருங்களேன்."

"நீ உள்ள போ. பதட்டப்பட்டா சூடு பிடிக்காது."

இருட்டும்போதுதான் ஒருவழியாக நிறுத்தினார். சுவரில் கை வைக்க முடியவில்லை. மாமா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்த மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காபிக் கடை அம்மா சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, வேனோடு வந்தார். சூளை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றால் கன்னம் காய்ந்தது. மாமா கைகூப்பி வரவேற்று அவரை நேரே சுவருக்கு அழைத்துப் போனார்.

"தொட்டுப் பாருங்க மேடம். பாத்து, பாத்து. அணைச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அந்த அம்மா தொடவில்லை. "கப் எங்க சார்?"

"உள்ளதான் மேடம். பத்திரமா, சூடா இருக்கு."

"எனக்குச் சூடான கப் வேண்டாம். காபிய நான் சூடா ஊத்திக்கறேன். எப்ப வெளிய வரும்?"

மாமா சுவரைப் பெருமையாகப் பார்த்தார். "எப்படியும் ஞாயித்துக்கிழமை ஆயிடும். அவ்வளவு சீக்கிரத்துல விட்ற சூடு இல்ல இது."

கடைதிறப்பு மறுநாள். அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு சூளைக் கதவுக்குப் போனாள். மாமா ஓடிவந்து கதவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"திறக்காத! திறந்தா..."

அக்கா நின்றாள். நானும் நின்றேன். சூட்டோடு திறந்தால் கப் விரிசல் விட்டுவிடும், அது எங்களுக்கும் தெரியும். அதை மட்டும் அவர் சொல்லியிருந்தால் அக்கா அங்கேயே நின்றிருப்பாள். கையுறையைக் கழற்றி, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள். கப் உடையும் என்று ஒரு வார்த்தை.

"திறந்தா, பிடிச்சு வெச்ச சூடு பூராவும் போயிடும்!" என்றார் மாமா.

அக்கா அவர் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளைத் தட்டினாள்.

கதவு திறந்ததும் அனல் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளியது. பிறகு சத்தம் கேட்டது. டிங். கொஞ்சம் விட்டு இன்னொரு டிங். கதவோரம் இருந்த கப்புகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. அக்கா ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை இறுக்கி மூடினாள். மாமா திறந்த கதவுக்கு எதிரே கைகளை நீட்டிக்கொண்டு, "போச்சே, எல்லாம் போச்சே" என்று புலம்பினார். பாவம், கப்புக்காகத்தான் அழுகிறார் என்று காபிக் கடை அம்மா நினைத்துக்கொண்டார். மாமா போகிற சூட்டுக்காகக் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

முன்வரிசை முழுக்க விரிசல். நடுவில் நெருக்கியிருந்தவை சில ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சிலவற்றில் கிளேஸ் உருகாமல் வெளுத்துக் கிடந்தது. பின்னால் கொஞ்சம் மட்டும் நாங்கள் நினைத்தபடி வந்திருந்தன, நீலமும் சாம்பலுமாக. அவை ஆறும்வரை அந்த அம்மா காத்திருந்தார்.

"இத கவுண்டர்ல வெச்சுக்கறேன். டேபிளுக்கு இப்போதைக்கு வேற வாங்கிக்கறேன்" என்றார். வேனில் ஏறும் முன் அக்காவிடம் சொன்னார்: "அடுத்த மாசம் ரெண்டாவது கடை. அதுக்கு நேரத்துக்கு மொத்தமும் வந்தா உங்களோடது. இல்லன்னா ஃபேக்டரி கப் போட்டுடுவேன், மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு மாமா பக்கம் திரும்பி, "உங்க சுவர் நல்லா இருக்கு சார்" என்றார். மாமா "தேங்க்ஸ் மேடம்" என்றார்.

அன்று சாயங்காலம் மாமா சமையலறையில் உட்கார்ந்து, தவறு எங்கே நடந்தது என்று விளக்க ஆரம்பித்தார். கதவைத் திறந்ததுதான் தவறாம். அக்கா இரும்புச் சட்டியை இரண்டு கையாலும் இழுத்துத் தரையில் வைத்தாள். பரணிலிருந்து பழைய அலுமினியக் கிண்ணி ஒன்றை எடுத்து, துடைத்து, பாலை ஊற்றினாள். மாமா இன்னும் முதல் காரணத்தில்தான் இருந்தார். பால் பொங்கியது. டீ போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"ஆயிடுச்சா?" என்றார் மாமா.

"ஆயிடுச்சு. இது மெலிசு. சூடு நேரா பாலுக்குப் போச்சு. உங்க சட்டி சூடு பிடிக்குது, பிடிக்குதுன்னு சொல்றீங்களே, பிடிச்சு யாருக்குக் குடுத்துது? அந்தத் தலகாணிக்காரர் அன்னிக்கே சொன்னார். நீங்க காஸ மிச்சம் பிடிக்கல. இத்தன நாளா சுவருக்குத் தீனி போட்டிருக்கீங்க. தின்னு முடிச்சு மிச்சம் இருந்தா என் கப்புக்கு." கிண்ணியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அது என்னோட கப்புங்க. போட்டோ இல்ல. என்னோடது."

மாமா டீயைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தரையில் கிடந்த சட்டியைப் பார்த்தார். மறுப்பு ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன். மெல்லிய குரலில் கேட்டார்.

"அப்போ காலைல என் முதுகு?"

எனக்குச் சிரிப்பு வந்து டீ மூக்கில் ஏறிவிட்டது. இத்தனை வருஷத்து மதம், மந்திரம், கல் வரிசை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முதுகுதான் இருந்திருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. "முதுகுக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் ஒட்டியிருந்த நாடாவை உரித்தெடுத்தாள்.

சூளை ஆறியதும் அக்கா சுத்தியலை எடுத்தாள். மாமா கட்டிய வரிசைகளை உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். மாமா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு கல் விழும்போதும் ஒரு இருமல். ஏஜெண்ட் கம்பளியோடு வந்து, எப்படிப் பொருத்துவது என்று காட்டினார். பழைய பேச்சை எடுக்காத பண்பான மனிதர். நான் எடுத்தேன். "தலகாணி எப்ப வரும்னு மாமா கேட்டுட்டே இருந்தார் சார்" என்றேன். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்கா மறுபடி எல்லா கப்புகளையும் முதலிலிருந்து செய்தாள். அடுக்கும்போது கை தாராளமாக நுழைந்தது. பர்னரை மாமாதான் பற்ற வைத்தார். அந்த மட்டுக்கும் அக்கா அவர் இலாகாவைப் பறிக்கவில்லை.

இரண்டு மூன்று மணி நேரம் போயிருக்கும். அக்கா சக்கரத்தில், நான் தூரிகை கழுவிக்கொண்டு. மாமா பழக்க தோஷத்தில் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு முதுகைச் சாய்த்தார். துள்ளி எழுந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். இன்னொரு கையையும் வைத்தார்.

"அணைஞ்சு போச்சு!" என்று அலறினார். "சுவர் ஜில்லுன்னு இருக்கு! மறுபடியும் உன் கப்பு போச்சு!"

மண்டிபோட்டு பர்னரைப் பார்த்தார். நீல ஜ்வாலை ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். ஓடிப்போய் மறுபடி சுவரைத் தொட்டார். அவர் வாயிலிருந்து 'உன் கப்பு' என்று வந்ததை நான் கவனித்தேன். அக்காவும் கவனித்திருக்க வேண்டும், சக்கரத்தை நிறுத்திவிட்டாள்.

"தக்கையை எடுத்துப் பாருங்க" என்றாள்.

"சூடு போயிடும்."

"பாருங்க."

மாமா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தக்கையை எடுத்து, துளையில் கண்ணை வைத்தார். வழக்கமான பல்லி வேகம் இல்லை. உள்ளே எல்லாம் சிவந்து நின்றிருக்க வேண்டும். அவர் கன்னத்தில் அந்த வெளிச்சம் விழுந்தது. அவர் நகரவே இல்லை. பிறகு அப்படியே குனிந்தபடி கேட்டார்.

"முன்னாடி இருக்கற கப்புல, கைப்பிடிக்கு மேல பள்ளமா இருக்கே. அடுக்கும்போது நசுங்கிடுச்சா?"

நான் தூரிகையைக் கீழே போட்டுவிட்டேன். ஆர்டர் கொடுத்ததே அந்தப் பள்ளத்துக்காக. இவர் தினமும் சாப்பிடுகிற மேஜையில், இவருக்கு எதிரே, அதே பள்ளத்தில் விரலை வைத்துத்தான் அக்கா தினமும் டீ குடிக்கிறாள்.

"நசுங்கல. கட்டை விரல் வெக்கறதுக்கு. நான் அழுத்தினது" என்றாள் அக்கா.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

மாமா மறுபடி துளையில் கண்ணை வைத்தார். ஒவ்வொன்றாகத் தேடுகிறார் என்று தெரிந்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பிறகு தக்கையைத் தேடிக் கையைத் துழாவினார். "மூடிடறேன். சூடு போகுது."

"போகட்டும். பாத்துட்டு மூடுங்க" என்றாள் அக்கா. சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

வழக்கமாக ஆகிற காஸில் பாதிகூட ஆகவில்லை. மறுநாள் மாலையே சூளையைத் திறந்துவிட்டோம். ஒரு டிங்கூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் காபிக் கடை அம்மா வேனோடு வந்தபோது பெட்டிகள் வாசலிலேயே தயாராக இருந்தன. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாமா முன்னால் போய் நின்றார். ஐயோ, சுவரைத் தொடச் சொல்லப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஒரு கப்பை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"கட்டை விரல இங்க வைங்க மேடம். அந்தப் பள்ளத்துல."

"தெரியும் சார்" என்றார் அந்த அம்மா, பெட்டிகளை எண்ணிக்கொண்டே. "அதுக்காகத்தானே வாங்கறேன்."

"எனக்குப் போன வாரம்தான் மேடம் தெரிஞ்சுது" என்றார் மாமா.

அக்கா குனிந்து கடைசிப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டியதன் மேலேயே மறுபடி ஒட்டினாள், தலை நிமிரவில்லை. நான் அன்று ஒருநாள் முழுக்க அவரைப் பிளாஸ்க் என்று சொல்லவில்லை.